பதினோராவது பனியன்

கும்மிடிப்பூண்டி
12-11-1974

அக்கா,

இல்ல. சரியா இல்ல. ஒருத்தனுக்குக் கூட சரியா இல்ல. "பனியன் எல்லாருக்கும் அளவா இருந்துதா, ஆட்டத்துல ஜெயிச்சேளா"ன்னு கார்டு போட்டிருக்க பாரு, அத நாலா கிழிச்சிப் போட்டேன். ஜெயிக்கறது இருக்கட்டும், மானம் போச்சு.

நேத்து பொன்னேரி டீமோட மேட்ச். கிரவுண்ட சுத்தி எங்க கம்பி கம்பெனி ஆளுங்க அத்தினி பேரும் நிக்கிறானுங்க. டேசன் பக்கத்து டீக்கடைக்காரன் கடையச் சாத்திக்கினு வந்துட்டான். நீ அனுப்பின பார்சல கிரவுண்டுலதான் பிரிச்சோம், அதான் நான் பண்ண தப்பு. புது நீலப் பனியன எல்லாரும் எதிர்ல மாட்டிக்கினா ஜோரா இருக்கும்னு நான்தான் சொன்னேன்.

மாட்டினா முட்டிக்கு வந்து நிக்குது. உள்ள போட்ட டிராயரே தெரியல. கழுத்து இன்னாடான்னா தோள விட்டு வழியுது. எங்க கோல்கீப்பர் அப்பாவு ரெண்டு கையயும் விரிச்சிக்கினு சுத்திச் சுத்திக் காட்டறான். பொன்னேரிக்காரன் ஒருத்தன் கத்தினான்: "டேய், கேர்ல்ஸ் ஸ்கூலு வந்துட்ச்சிடா! கவுனப் பாருடா!" அவ்ளோதான். கிரவுண்டே சிரிக்குது.

பனியனச் சுருட்டி டிராயருக்குள்ள சொருவிக்கினு ஆடினோம். வயித்துல தலகாணி கட்டிக்கினு ஓடற மாதிரி. தோத்தோம்.

சடையப்பன் அண்ணன பத்தி எழுதியிருக்கேன் இல்ல, எங்க போர்மேன், டீமுக்கு கேப்டனும் அவருதான். அவரு கிட்ட வந்து மெதுவா கேட்டாரு: "இன்னாடா அமுதா, எங்க அக்கா தையல்ல கில்லாடின்ன. அந்தம்மா நமக்குப் பாவாட தச்சி அனுப்பிட்ச்சேடா." எல்லாரும் என்னையே பாக்கறானுங்க. "எங்க அக்கா கெடுத்துட்ச்சிண்ணே, அதுக்குத் தெரியல"ன்னு சொல்லிட்டேன். வேற இன்னா சொல்லச் சொல்ற?

துணி அனுப்பறப்பவே படிச்சிப் படிச்சி எழுதினேன். பனியன் துணி, புடவை வேட்டி மாதிரி இல்ல, தொட்டா நீளும். கையால இழுக்காத, மெஷின் பல்லு தானா இழுத்துக்கினு போவும்னு எழுதினேன். அடியில பேப்பர் வையின்னு எழுதினேன். நீ இழுத்திருக்க. இழுக்காம ஒரு பனியன் கவுனாவுமா?

பொங்கல் கப்புக்கு மஞ்சத் துணி எடுத்திருக்காங்க. மெட்ராஸ் கடையிலயே தச்சிடலாம்னாரு சடையப்பன் அண்ணன். நான் சண்ட போட்டு வாங்கி உனக்கு பார்சல்ல போட்டிருக்கேன். இதான் கடைசி. தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடு.

அமுது

---

ஸ்ரீ

திருவள்ளூர்
17-11-1974

சிரஞ்சீவி ஆராவமுதனுக்கு ஹேமாம்புஜம் அநேக ஆசீர்வாதம். இன்னிக்கு உன்னை ஆசீர்வாதம் பண்ணற மனசு எனக்கு இல்லே. லெட்டரை அப்படித்தானே ஆரம்பிக்கணும், அதுக்காக எழுதினேன்.

உன் லெட்டரை உங்க அத்திம்பேர்தான் முதல்ல படிச்சார். படிச்சுட்டு, "உன் தம்பி பி.யூ.சி.யைப் பாதியில விட்டான், சரி. தமிழையுமா விட்டான்?"னு கேட்டார். இந்த 'இன்னா', 'கினு' எல்லாம் அங்கே சிநேகிதாளோட வெச்சுக்கோ. நம்ம அப்பாவோட கோயில்ல பாசுரம் சேவிச்ச வாய் உன்னுது.

இப்போ என் முறை. நீ கேளு.

நான் இழுக்கலே. மெஷின் காலை அழுத்தற திருகை, கால் துணி மேல படறதும் படாததுமா இருக்கற வரைக்கும் தளர்த்தினேன். புது ஊசி போட்டேன், பழசு போட்டா பனியன் துணியில இழை அறுந்து ஓட்டை ஓட்டையா ஓடிடும்னு எனக்கே தெரியும், நீ சொல்ல வேண்டாம். மேல் நூலையும் கீழ் நூலையும் இறுக்காம விட்டேன், இல்லேன்னா தலையை நுழைக்கும்போது தையல் பட்டுனு விட்டுடும். அடியில பேப்பர் வெச்சுத் தச்சு, அப்புறம் ஒவ்வொரு தையலா பேப்பரைக் கிழிச்சு எடுத்தேன். தோள்பட்டையில நாடா வெச்சுத் தச்சேன், அங்கே நீளவே கூடாதுன்னு. துணி மேஜையிலேர்ந்து தொங்கினா அந்தக் கனமே இழுக்கும்னு, பக்கத்துல முக்காலி போட்டு அது மேல தலகாணி போட்டுத் துணியைத் தூங்க வெச்ச மாதிரி வெச்சுண்டேன். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்கலேடா, வெச்சு வெச்சு எடுத்தேன்.

முடிச்சப்போ ஒவ்வொண்ணும் வாழையிலை மாதிரி சமமா உக்காந்துது. உங்க அத்திம்பேர் பனியன் மேல வெச்சுப் பாத்தேன். விரக்கடை வித்தியாசம் இல்லே. அது எப்படி அங்கே வந்து கவுனாச்சு, நீதான் சொல்லணும்.

"அதுக்குத் தெரியல"ன்னு நாலு பேர் முன்னால சொன்னியே. அதைப் படிச்சுட்டு நான் சாப்பிடலே.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோ. உங்க அத்திம்பேரோட தங்கை கமலவல்லி வேப்பம்பட்டுலேர்ந்து வரும்போதெல்லாம் என் மெஷினைத் தடவிப் பாத்துண்டு போறா. மாமியார், "ஊர்ப் பசங்களுக்குத் தச்சு உன் தம்பி கிட்டயே பேர் கெட்டாச்சு. மறுபடியும் ஏதாவது வந்தா மெஷின் கமலா ஆத்துக்குப் போயிடும்"னு சொல்லிட்டார். அந்த மெஷின் கிட்ட உக்காந்திருக்கற நேரம்தான் இந்த ஆத்துல யாரும் என்னை "ஹேமா"ன்னு கூப்பிடாத நேரம். கூப்பிட்டாலும் சத்தத்துல காதுல விழலேன்னு சொல்லிக்கலாம். அது போனா எனக்கு இங்கே ஒண்ணும் இல்லே.

மஞ்சள் துணி வந்துடுத்து. பிரிக்கலே. உன் பதில் பாத்துட்டுத்தான் கத்திரியைத் தொடுவேன்.

படிப்பைத்தான் பாதியில விட்டே, கோபத்தையாவது பாதியில விடேன்.

ஹேமாம்புஜம்

---

கும்மிடிப்பூண்டி
24-11-1974

அக்கா,

கோவத்த விடல. ஆனா நீ எழுதினதுல ஒண்ணு என்னைப் பேஜார் பண்ணிட்ச்சி. தூக்கமே வரல. அதனால நானே தச்சிப் பாத்தேன்.

நான் குடியிருக்கற ரூமு ரோசம்மாள் அக்கா ஊட்டுப் பின்பக்கம். அவங்க குழந்தைங்களுக்குக் கவுனு தைக்கறவங்க, பனியன் துணிய பத்தி நான் உனக்கு எழுதினதெல்லாம் அவங்க சொன்னதுதான். ஞாயித்துக்கிழம அவங்க மெஷின்ல உக்காந்து, உனக்கு அனுப்பினது போவ மிச்சமிருந்த நீலத் துண்டுல வேணும்னே தப்புத் தப்பா தச்சேன். பேப்பர் வெக்கல. திருகத் தளத்தல. முன்னாலயும் பின்னாலயும் புடிச்சி இழு இழுன்னு இழுத்தேன். ரோசம்மாள் அக்கா தலையில அடிச்சிக்கினாங்க. "தம்பி, அது மெஷினா மாட்டு வண்டியா? இந்த ஓட்டு ஓட்டறியே!"

ஓரம் நெளிஞ்சிபோச்சி. பொரிச்ச அப்பளம்தான். ஆனா அக்கா, நீளம் அப்படியே இருந்துச்சி! தையல் போற எடம்தான் கெட்டுது. நடுவுல துணி கம்முனு கெடக்குது.

உடனே போயி உன் நீலப் பனியன எடுத்துப் பாத்தேன். தையல் நேரா கீது. ஒரு எடத்துல நெளிவு இல்ல. அன்னிக்கிக் கோவத்துல நான் அத பாக்கவே இல்ல. நீண்டிருக்கறது எது தெரியுமா? தையலே இல்லாத எடம். நெஞ்சு, முதுகு. வெளிச்சத்துல புடிச்சா துணியோட கண்ணு ஒவ்வொண்ணும் கொசுவல மாதிரி கீழ பாத்து நீளமாத் தொறந்துக்கினு கீது. இது தைக்கறதால வராது. யாரோ புடிச்சித் தொங்கியிருக்கணும்.

உங்க ஊட்டுல யாரோ வேணும்னு பண்ணியிருக்காங்க. அந்தக் கமலவல்லியா? மெஷின் மேல கண்ணு வெச்சவதானே?

கடைசித் தையலப் போட்டதுலேர்ந்து பார்சல் தபாலாபீசுக்குப் போற வரைக்கும் அந்தப் பனியனுங்க எங்க எங்க இருந்துச்சி, யார் யார் கைக்குப் போச்சி, ஒண்ணு விடாம எழுது. மஞ்சத் துணிய அது வரைக்கும் தொடாத.

அமுது

---

ஸ்ரீ

திருவள்ளூர்
30-11-1974

சிரஞ்சீவி ஆராவமுதனுக்கு ஆசீர்வாதம்.

கமலாவைப் பழிக்காதே. அவ ஆடி மாசத்துக்கு அப்புறம் இந்தப் பக்கமே வரலே. யார் கையும் படலேடா. போலீஸ்காரன் மாதிரி கேக்கறியே, சொல்றேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைசிப் பனியனுக்குக் கழுத்துப் பட்டி வெச்சு முடிச்சேன். பட்டியைக் கழுத்து வட்டத்தைவிடக் கொஞ்சம் குறைச்சு வெட்டி, பட்டியை மட்டும் லேசா இழுத்துப் பிடிச்சுத் தைக்கணும், அப்போதான் கழுத்து வாயைப் பிளக்காது. அதுக்கே ஒரு பகல் ஆச்சு. பதினொண்ணையும் மடிச்சு ஊஞ்சல் மேல அடுக்கி வெச்சேன்.

அன்னிக்கு ராத்திரியே நான் ஒதுங்கி உக்காரும்படி ஆயிடுத்து. உனக்குத் தெரியும், மூணு நாள் நான் கொல்லைப்பக்கத்து ரூமுதான். எதையும் தொடக் கூடாது, உள்ளே வரக் கூடாது. அன்னிக்கு நான் தொட்டதெல்லாம் நனைச்சாத்தான் உள்ளே இருக்கலாம். அதனால மாமியார் பதினொரு பனியனையும் வாளியில போட்டு நனைச்சு மடிக்கொடியில போட்டுட்டார். அதுவும் கையால கூட இல்லே. கழுத்துக்குள்ள கோலை விட்டுத் தூக்கி, அந்தக் கோலாலேயே கொடியில மாட்டினார். புடவை, வேட்டி எல்லாமே இந்த ஆத்துல அப்படித்தானே. கூடத்துல உத்தரத்துக்குக் கீழே அவ்வளவு உசரத்துல கட்டின மூங்கில், குழந்தை எட்டிக் கூடத் தொட முடியாது. அந்த மூணு நாளும் விடாத மழை. காயவே இல்லே, சொட்டிண்டே இருந்துது. நான் கொல்லையிலேர்ந்து அந்தச் சொட்டுச் சத்தத்தைத்தான் கேட்டுண்டிருந்தேன்.

நாலாம் நாள் நான் தலைக்குத் தீர்த்தமாடிட்டு உள்ளே வரதுக்குள்ள மாமியாரே எடுத்து மடிச்சு, உங்க அத்திம்பேர் பார்சல் கட்டித் தபாலாபீஸ்ல சேர்த்தாச்சு. உன் ஆட்டத்துக்கு நேரம் ஆயிடுத்தேன்னு அவரே ஓடினார். அதுக்கப்புறம் நான் அதுகளைக் கண்ணால பாக்கலே.

இவ்வளவுதான் நடந்தது. மெஷின்லேர்ந்து கொடி, கொடியிலேர்ந்து தபாலாபீஸ். யார் வந்து இழுத்தா? நீயே சொல்லு.

ஹேமாம்புஜம்

---

கும்மிடிப்பூண்டி
4-12-1974

அக்கா,

கொடி! கொடிதான் அக்கா! படிச்சிட்டு ரூமுல தனியா கத்திட்டேன். ரோசம்மாள் அக்கா பாம்போன்னு தொடப்பத்த எடுத்துக்கினு ஓடியாந்தாங்க.

ஒரு பனியன வாளித் தண்ணில முக்கித் தூக்கிப் பாரு. கல்லு மாதிரி கனக்கும். அந்தக் கனத்தோட மூணு நாளு தொங்கினா நீளாம இன்னா பண்ணும்? புடவ நீளாது, வேட்டி நீளாது, அதுங்க தறியில நெய்யறது. இது பின்னறது, ஸ்வெட்டர் மாதிரி. உன் மாமியாரு கோல விட்டுத் தூக்கினது எங்க? கழுத்துல. அதான் கழுத்து வாயப் பொளந்துக்கினு வந்துது. நீ ஒரு பகல் பூரா உக்காந்து வெச்ச பட்டிய அந்தம்மா ஒரு குத்துல காலி பண்ணிட்டாங்க.

ஈரப் பனியனத் தொங்கவே விடக் கூடாது. முறுக்கிப் புழியக் கூடாது. துண்டுக்குள்ள சுருட்டி அழுத்தி ஈரத்த எடுத்துட்டு, பாயில போட்டு, கையால தட்டித் தட்டி அளவுக்கு வெச்சி, நிழல்ல காய வெக்கணும். தைக்கறதுக்கு முன்னாலயும் துணிய ஒருவாட்டி நனைச்சி இப்படியே காய வெச்சிட்டு வெட்டு, சுருங்கறது அப்பவே சுருங்கிடும்.

எனக்கு வர ஆத்திரத்துக்கு ரயிலேறி வந்து அந்த மூங்கில ஒடச்சி அடுப்புல வெச்சிடுவேன். நீ தொட்டா தீட்டு, அதுக்குத் துணி தூக்குல தொங்கணுமா? ஒரு வாரம் உக்காந்து தச்சது நீ. தொங்கவிட்டது அவங்க. பேரு கெட்டது உனக்கு. நீ போயி அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லு. பாயிலதான் காயணும்னு சொல்லு. நீ சொல்லலன்னா நான் வந்து சொல்றேன், என் வாயப் பத்தித் தெரியும் இல்ல?

அமுது

---

ஸ்ரீ

திருவள்ளூர்
15-12-1974

ஆராவமுதனுக்கு,

சொல்லிட்டேன். நீ வர வேண்டாம்.

மஞ்சள் துணியை நனைக்கறதுக்கு முன்னால மாமியார் கிட்ட போய், "அம்மா, இந்தத் துணி கொடியில போட்டா நீண்டுடறது. பாயில விரிச்சுக் காய வெச்சுக்கறேன்"னேன்.

"கீழயா?"ன்னார்.

"கீழ இல்லேம்மா, பாயில."

"பாய் எங்கேடி இருக்கும், ஆகாசத்துலயா?"

அவர் விடலே. "ஆத்துப் பெருமாளுக்குச் சாத்தற வஸ்திரமே இந்தக் கொடியிலதான் காயறது. பந்து உதைக்கற பசங்களுக்குக் கொடி ஆகாதோ? அவா என்ன பெருமாளைவிட உசத்தியா?"

அங்கே நான் வாயை மூடிண்டிருக்கணும். "பெருமாள் ஓடியாடறதில்லையேம்மா, அவருக்கு முட்டிக்குக் கீழ வந்தாலும் பரவாயில்லே"ன்னு வந்துடுத்து. சத்தியமா யோசிச்சுச் சொல்லலேடா. உன் லெட்டரைப் படிச்சுப் படிச்சு உன் வாய் எனக்கும் ஒட்டிண்டுடுத்து.

மாமியார் அன்னிக்கு நான் பண்ணின தளிகையைத் தொடலே, பட்டினி. உங்க அத்திம்பேர் கோயில்லேர்ந்து வந்தார், ரெண்டு பேர் முகத்தையும் பாத்தார், "மெஷின் நாளைக்கே கமலா ஆத்துக்குப் போகட்டும்"னார். என்ன நடந்ததுன்னு ஒரு வார்த்தை கேக்கலே. மறுநாள் வண்டியில ஏத்தி வேப்பம்பட்டுக்கு அனுப்பியாச்சு. அது இருந்த இடத்துல தரையில நாலு கால் தடம் இருக்கு. பெருக்கினாலும் போக மாட்டேங்கறது.

இப்போ நீ. மாமியார் மேல எனக்குக் கோபம் கொஞ்சம்தான். அவர் புடவையும் அப்படித்தான் காயறது, அவருக்கு இது தெரியாது. உனக்குத் தையல் நேரா இருக்குன்னு கண்ணால பாத்தாலே தெரிஞ்சிருக்கும். பாக்கலே. "எங்க அக்கா கெடுத்துட்டா, அவளுக்குத் தெரியலே"ன்னே. அந்த வார்த்தையைத்தான் அத்திம்பேர் படிச்சார், மாமியாருக்குப் படிச்சுக் காட்டினார். மெஷினை இந்த ஆத்தை விட்டு முதல்ல தள்ளினது உன் லெட்டர்.

எல்லார் முன்னாலயும் சொன்னே. இல்லேன்னும் எல்லார் முன்னாலயும் சொல்லு. அது வரைக்கும் எனக்கு எழுதாதே.

ஹேமாம்புஜம்

---

கும்மிடிப்பூண்டி
19-12-1974

அக்கா,

எழுதாதன்னா எழுதுவேன்.

சொல்ல முடியாது. இன்னான்னு சொல்றது? எங்க அக்காவுக்கு மூணு நாளு ஒதுக்கம், அது தொட்டதால அதோட மாமியாரு பனியனக் கோலால குத்தி ஆகாசத்துல மாட்டிட்டாங்கன்னு சடையப்பன் அண்ணங்கிட்டயா? அப்பாவு கிட்டயா?

உனக்கு இங்க இருக்கறது தெரியாது. நான் வந்த புதுசுல ஒரு பய எங்கூட உக்காந்து துண்ண மாட்டான். "சாமி, தள்ளி உக்காருங்க, எங்க தூக்குல கருவாடு கீது"ன்னு சிரிப்பானுங்க. கம்பிச் சுருள் தூக்கி, கையக் கிழிச்சிக்கினு, அவனுங்க பேச்சப் பேசி, அவனுங்க டம்ளர்ல டீ குடிச்சி, இப்பதான் "டேய் அமுதா"ன்னு கூப்பிடறானுங்க. இந்தக் கதையச் சொன்னா மறுபடியும் நான் சாமி. எங்க அக்காவுக்குத் தைக்கத் தெரியலன்னு சொன்னா எந்த ஊட்டுலயும் நடக்கற கத. போயிடும்.

அதுக்காகத்தான் சொன்னேன்னு இல்ல. அன்னிக்கி வாயில வந்துது, சொன்னேன். இப்ப மாத்திச் சொல்ல முடியாது, அவ்ளோதான்.

உன் புருஷன் ஒரு வார்த்த கேக்கலன்னு எழுதற. அவர் மேல வராத கோவம் என் மேல மட்டும் எப்படி வருது?

மஞ்சத் துணியத் திருப்பி அனுப்பிடு. மெட்ராஸ் கடையில தச்சிக்கறோம்.

அமுது

---

கும்மிடிப்பூண்டி
31-12-1974

அக்கா,

பதிலும் இல்ல, துணியும் இல்ல. பொங்கலுக்கு நாளு கம்மியா கீது. சடையப்பன் அண்ணன் தெனம் கேக்கறாரு, நான் தெனம் ஒரு புளுகு சொல்றேன். ஒரு வரி போடேன். திட்டியாவது போடு.

அமுது

---

ஸ்ரீ

வேப்பம்பட்டு
7-1-1975

ஆராவமுதனுக்கு,

ஊர்ப் பேரைப் பாத்துட்டுப் பயப்படாதே. நான் ஆத்தை விட்டு ஓடி வரலே. தளிகை முடிச்சுட்டுக் காலை ரயில்ல வரேன், விளக்கேத்தற வேளைக்குத் திரும்பிடறேன்.

மெஷின் வந்த வாரமே கமலா திருவள்ளூருக்கு வந்து, "மன்னி, மெஷின் வேணும்னு சொன்னேனே தவிர தைக்கத் தெரியும்னு எப்போ சொன்னேன்? அது மேல துணிதான் மடிச்சு வெச்சிண்டிருக்கேன். வந்து சொல்லிக் கொடுங்கோளேன்"னா. தன் அம்மா முன்னாலயே கேட்டா. பொண்ணு கேக்கறதை மாமியாரால தட்ட முடியலே. உங்க அத்திம்பேர் ரயிலுக்கு சீசன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். அவர் ஒரு வார்த்தை கேக்கலேன்னு எழுதினேனே, இப்பவும் கேக்கலே. டிக்கெட்டை மட்டும் பஞ்சாங்கத்துல செருகி வெச்சுட்டுப் போனார். அவர் மேல எனக்குக் கோபம் வரதா வரலையான்னு நீ கணக்கு எடுக்க வேண்டாம்.

இங்கே கமலா ஆத்துல மடிக்கொடி கிடையாது. மாடியில நிழல் விழற பக்கம் பாய் போட்டுத்தான் மஞ்சள் துணியைக் காய வெச்சேன். நீ சொன்னபடி துண்டுல சுருட்டித்தான். அதைச் சொன்னது நீதான்னு ஒத்துக்கறேன். நீ கேட்டபடி துணியைத் திருப்பி அனுப்பலே. என் பேர் கெட்ட வேலையை நானே சரி பண்ணாம விட மாட்டேன்.

பத்துப் பனியன் தச்சு, மறுபடியும் நனைச்சுக் காய வெச்சு அளந்து பாத்தேன். அசையலே. பார்சலை உன் பேருக்குப் போடலே. கம்பெனி விலாசத்துக்கு, மிஸ்டர் சடையப்பன்னு போட்டிருக்கேன். உள்ளே அவருக்கு ஒரு சீட்டு: "இவை நான் தைத்தவை. குறை இருந்தால் எனக்கே எழுதவும். ஹேமாம்புஜம்." உன் பேர் அதுல இல்லே.

பதினோராவது உன்னோடது. வெட்டி வெச்சேன், தைக்கலே. முன்பக்கம், முதுகு, கை, கழுத்துப் பட்டி, நாடா எல்லாம் இதோட தனியா வருது. எல்லாம் தெரிஞ்சவன் நீ. நீயே தச்சுக்கோ.

ஹேமாம்புஜம்

---

கும்மிடிப்பூண்டி
18-1-1975

அக்கா,

தச்சேன். போதுமா?

உன் பார்சல சடையப்பன் அண்ணன் கம்பெனியிலயே, எல்லார் எதிர்லயும் பிரிச்சாரு. சீட்டப் படிச்சாரு. மாட்டிப் பாத்தானுங்க. பத்து பேருக்கும் எடுத்து ஒட்டின மாதிரி. அப்பாவு ரெண்டு கையயும் மேல தூக்கி எகிறிப் பாக்கறான், குனியறான், பனியன் கூடவே போவுது, கூடவே வருது. "டேய், இது பனியனாடா, என் தோலுடா"ன்றான். சடையப்பன் அண்ணன் தையல உள்பக்கம் திருப்பிப் பாத்துக்கினே கேட்டாரு: "தெரியாதுன்னு சொன்ன இல்ல? தெரியாதவங்க தச்சதாடா இது? உன்னுது எங்க?"

எங்கிட்ட துண்டு துண்டா கீது. வசமா சிக்கிக்கினேன்.

சொல்லிட்டேன். ஒதுக்கம், வாளி, கோலு, கொடி, மழ, எல்லாத்தயும். எங்க அக்கா கெடுக்கல, நான்தான் பாக்காம பேசிட்டேன்னு சத்தமாச் சொன்னேன், மெஷின் ஓடற சத்தத்துல கேக்கணும் இல்ல. நீ நெனைக்கிற மாதிரி யாரும் கண்ணுல தண்ணி விடல. சிரிச்சானுங்க. "எங்க ஆத்தா என் சட்டைய முள்ளு வேலியில வீசுது, உங்க ஊட்டுல ஏணி வெச்சா மாட்டறாங்க?"ன்னான் அப்பாவு. இப்ப என் பேரு இன்னா தெரியுமா? கோலு சாமி. கேட்டுல நிக்கிற வாட்ச்மேன் கூட "வாங்க கோலு சாமி"ன்றான். உனக்குச் சந்தோசமா? ஆனா டீ மட்டும் அதே டம்ளர்லதான் தரானுங்க. அதுவரைக்கும் சரி.

ரோசம்மாள் அக்கா மெஷின்ல உக்காந்தேன். பேப்பர் வெச்சேன். திருகத் தளத்தினேன். நாடா வெச்ச தோளு நேரா வந்துது, பொய் சொல்லல. கழுத்துப் பட்டிதான். எத இழுக்கணும், எத இழுக்கக் கூடாதுன்னு கை கேக்க மாட்டேங்குது. உன்னத் திட்டிக்கினே தச்சேன், ரெண்டயும் சேத்து இழுத்துட்டேன். பிரிச்சித் தச்சேன், மறுபடியும் இழுத்துட்டேன், கழுத்து நெளிஞ்சே போச்சி. நீ இத பதினோரு வாட்டி எப்படிப் பண்ண?

அதையே மாட்டிக்கினுதான் பைனல் ஆடினேன். அதே பொன்னேரிக்காரன் வந்து நின்னுக்கினு, "பத்து மாப்ள, ஒரு அப்பளம்டோய்!"ன்னு கத்தறான். கிரவுண்டு சிரிக்குது. எனக்கு வந்த ஆத்திரத்துல ஓடின ஓட்டத்தப் பாத்துட்டு அவனுங்க ஆளு ரெண்டு பேரு வழி விட்டுட்டானுங்க. கப்பு கம்பெனியில கீது. போட்டோ புடிச்சாங்க, நான் கடைசி வரிசையில, கழுத்துத் தெரியாம நின்னேன்.

கம்பெனிப் பசங்களுக்கு உள் பனியன் தைக்கணும்னு சடையப்பன் அண்ணன் உனக்கு எழுதறாராம். வேப்பம்பட்டு விலாசத்துக்கு. அத நீயும் அவரும் பேசிக்கோங்க, நான் நடுவுல வரல.

உன் மேல கோவம் போவல. துண்டு துண்டா வெட்டி அனுப்பின பாரு, அதுக்குப் போவல. மன்னிப்புலாம் கேக்க மாட்டேன், அதுக்குத்தான் பட்டி தச்சேனே.

மேட்ச்சுல சேறாயிட்ச்சி, நேத்து நனைச்சேன். இங்க முத்தத்துல கயிறு கட்டி கீது, எல்லாரும் அதுலதான் போடறாங்க. நான் போடல. துண்டுல சுருட்டினேன், தட்டினேன், விரிச்சேன். எங்கிட்ட ஒரே பாயிதான் கீது. அதுல அது காயுது. நான் ராத்திரி வெறுந்தரையில படுத்தேன். முதுகு வலிக்குது. இன்னும் முதுகுப் பக்கம் ஈரமாத்தான் கீது, பனியனுக்குச் சொல்றேன். திருப்பிப் போடணும்.

கம்பெனி சங்கு ஊதறான். நான் போவணும்.

அமுது